புது டிஸ்கஸ் மீன் தீனி எடுக்க மாட்டேங்குது (செடித்தொட்டி, கூட டெட்ரா ஏஞ்சல் எல்லாம் இருக்கு)

அம்பத்தூர்_அக்வா
வணக்கம் மக்களே. ரொம்ப நாள் ஆசை, ஒருவழியா டிஸ்கஸ் இறக்கியாச்சு. டேங்க் 4 அடி, தண்ணி சுமார் 300 லிட்டர் நிக்கும், செடி போட்டு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. பின்னாடி அமேசான் ஸ்வோர்ட், கட்டையில அனுபியாஸ், நடுவுல கிரிப்டோ, முன்னாடி மான்டி கார்லோ கார்ப்பெட் மாதிரி ஓடியிருக்கு. சிஓடூ (செடிக்கு விடற கரியமில வாயு) உண்டு. ஏற்கனவே இருக்கறது கார்டினல் டெட்ரா ஒரு 20, ஸ்டெர்பாய் கோரி (அடியில மேயற மீன்) 6, ஏஞ்சல் 2, அப்புறம் செர்ரி ஷ்ரிம்ப் எவ்ளோன்னு கணக்கே இல்ல.

புதுசா விட்டது 6 டிஸ்கஸ், எல்லாம் 3 இஞ்ச் சைஸ், ஒரே கடையில ஒரே தொட்டியில இருந்து எடுத்தது. நிற வகைல சொன்னா 3 பிஜியன் பிளட், 2 ப்ளூ டர்காய்ஸ், 1 ஸ்னேக்ஸ்கின். ஒரு வாரம் ஆகப்போகுது, ஸ்வோர்ட் இலைக்குப் பின்னாடியே கும்பலா நிக்குதுங்க. பெல்லட் போட்டா கீழ இறங்கறதுக்குள்ள கார்டினல் கடிச்சு எடுத்துட்டுப் போகுது, மிச்சத்த ஏஞ்சல் முடிச்சிடுது. டிஸ்கஸ்ல ஒண்ணு ரெண்டு வந்து பாக்கும், வாயில போட்டு துப்பும், திரும்பிப் போயிடும். ஃப்ளேக், பெல்லட், ஃப்ரீஸ் டிரைடு, எல்லாம் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். ஒரு பிஜியன் பிளட்டுக்கு வெள்ளையா நூல் மாதிரி கழிவு தொங்குது. பயமா இருக்கு, விலையும் கம்மி இல்ல. என்ன தீனி போடலாம் சொல்லுங்க ப்ளீஸ்.

டிஸ்கஸ்_தாதா
இதுக்கு எதுக்கு ப்ரோ இவ்ளோ யோசனை. பீஃப் ஹார்ட் மிக்ஸ் (மாட்டு இதயத்த அரைச்ச தீனி) போடுங்க, இல்லன்னா லைவ் டியூபிஃபெக்ஸ் (உயிரோட இருக்கற சேத்துப் புழு) ஒரு பாக்கெட் வாங்கிக் கொட்டுங்க. டிஸ்கஸ் பீஃப் ஹார்ட்ட வேணாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல.

கொளத்தூர்வாசி
தம்பி முதல்ல பதட்டப்படாதீங்க. 3 இஞ்ச் மீன் புது எடத்துக்கு வந்து ஒரு வாரம் சரியா சாப்பிடாம இருக்கறது இந்த மீனுக்கு சகஜம். எடம் மாறினா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிற ஜாதி இது. ஆனா தினம் ஒரு தீனி மாத்திப் போடறத இன்னியோட நிறுத்துங்க. அது சாப்பிடலன்னு போட்டது எல்லாம் கார்ப்பெட்டுக்குள்ள போயி அழுகிட்டு இருக்கும், அதுவே அடுத்த பிரச்சனைய கொண்டு வரும்.

கொஞ்சம் விவரம் வேணும். தண்ணி சூடு எவ்ளோ? பிஎச், டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவு)? மெட்ரோ வாட்டரா போர் தண்ணியா? லைட் எத்தன மணி நேரம், ஃபுல்லா எரியுதா? எல்லாத்தையும் விட முக்கியம், கடைக்காரர் என்ன தீனி குடுத்துட்டு இருந்தார்னு கேட்டீங்களா? மீன் வாங்கும்போது எல்லாரும் கலர் பாப்பாங்க, வெல பேசுவாங்க, இத மட்டும் கேக்க மாட்டாங்க. கடையில நின்னு ஒருவாட்டி தீனி போடச் சொல்லிப் பாத்துட்டு எடுக்கறதுதான் சரி.

அம்பத்தூர்_அக்வா
அண்ணா நன்றி. இப்பதான் எல்லாம் அளந்தேன். சூடு 27, ஹீட்டர் அதுலதான் செட் பண்ணியிருக்கு, செடிக்காக. போர் தண்ணியும் ஆர்ஓவும் கலந்து விடறேன், டிடிஎஸ் 480 காட்டுது. பிஎச் காலைல 7.6, சாயங்காலம் சிஓடூ ஓடி முடியும்போது 6.8. லைட் பத்து மணி நேரம் ஃபுல் பவர்.

கடைக்காரருக்கு போன் போட்டேன். பீஃப் ஹார்ட் மிக்ஸும் டியூபிஃபெக்ஸும்தான் குடுத்தாராம், அடியில ஒண்ணுமே இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி. பெல்லட் பழக்கமே இல்லன்னு இப்ப சொல்றார். தாதா ப்ரோ, பீஃப் ஹார்ட் எங்க வீட்ல சான்ஸே இல்ல. நாங்க சைவம், அம்மா ஃப்ரீசர்ல ஃப்ரோசன் பிளட்வார்ம் (உறைய வெச்ச செவப்புப் புழு) வைக்கறதுக்கே ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்து, இப்போ ஒரு டப்பாக்குள்ள டப்பா போட்டு டேப் ஒட்டி ஓரமா வெச்சிருக்கேன்.

டிஸ்கஸ்_தாதா
😂😂 அப்ப மினி ஃப்ரிட்ஜ் வாங்குங்க ப்ரோ. டிஸ்கஸ் வளக்கற வீட்ல அது அத்தியாவசியப் பொருள்.

செடிக்கிறுக்கி
தாதா அண்ணா, மன்னிக்கணும், ஃப்ரிட்ஜ் இருந்தாலும் இந்தத் தொட்டிக்கு பீஃப் ஹார்ட் வேணாம்னுதான் நான் சொல்லுவேன். பண்ணையில அத போடறாங்கன்னா அங்க குட்டி சீக்கிரம் பெருசாகணும், வித்தாகணும். தொட்டியில மண்ணு கிடையாது, செடி கிடையாது, போட்ட அரை மணில அடிய சுத்தமா உறிஞ்சி எடுத்துட்டு பாதி தண்ணிய மாத்திடுவாங்க. அதே துருவல இந்த மான்டி கார்லோ மேல போட்டா என்ன ஆகும்? அந்தப் பொடிப்பொடி சதை எல்லாம் கார்ப்பெட்டுக்குள்ள எறங்கிடும், சைஃபன் போட்டா செடியே பேந்து வரும், விட்டா அழுகி அமோனியா, அப்புறம் பாசி. மாட்டுக் கொழுப்ப ஜீரணிக்கற மாதிரி மீன் வயிறு கிடையாதுங்கறது வேற. காட்டு டிஸ்கஸ் வயித்தத் திறந்து பாத்தப்ப கிடைச்சது பெரும்பாலும் பாசி, மக்கின இலைதழை, சின்னச் சின்ன பூச்சி புழுதான்.

டிஸ்கஸ்_தாதா
காட்டு மீன் கதை வேற, பண்ணை மீன் கதை வேற சிஸ்டர். இந்த ஆறும் அமேசான பாத்ததே இல்ல. கொழுப்பு, நரம்பு, வால்வு எல்லாம் வெட்டி எடுத்துட்டு அரைச்சா வெறும் சதைதான், என் மீன் எல்லாம் 6 இஞ்ச்சு தட்டு மாதிரி நிக்குது. நான் தினமும் தண்ணி மாத்தறேன், பிரச்சனையே வந்ததில்ல.

செடிக்கிறுக்கி
தினமும் மாத்தறீங்க, வெறும் தொட்டி வெச்சிருக்கீங்க, அதனால பிரச்சனை வரல. நானும் அதைத்தான் சொல்றேன் 🙂

நெறியாளர்
பீஃப் ஹார்ட் வேணுமா வேணாமாங்கற சண்டைக்கு தனி இழை இருக்கு, அது 40 பக்கம் தாண்டிப் போயிட்டிருக்கு. இங்க இந்தத் தொட்டிய மட்டும் பேசுவோம்.

பினாங்கு_மாமா
வணக்கம் தம்பி, நான் பினாங்கு. இங்க டிஸ்கஸ் பண்ணைங்க நிறைய, ரெண்டு மூணு இடத்துல வேலையும் பாத்திருக்கேன். ஒரு விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்றேன். உங்க மீனு பிறந்ததுலேர்ந்து கண்ணாடித் தரையத்தான் பாத்திருக்கு. தீனின்னா அதுக்கு என்ன தெரியும்? மேல கை வரும், ஒரு உருண்டை விழும், வெள்ளைக் கண்ணாடியில பளிச்சுனு தெரியும், முப்பது நாப்பது மீனு ஒண்ணா பாயும், நாமளும் பாய்வோம். அவ்ளோதான். இப்ப கறுப்பு மண்ணு, காடு மாதிரி செடி, தலைக்கு மேல சூரியன் மாதிரி லைட்டு, சுத்தி பொடி மீனுங்க பறக்குது. தீனி விழுந்தது எங்கன்னே அதுக்குத் தெரியல. தீனி புடிக்காமப் போகல தம்பி, மேசை எங்க இருக்குன்னுதான் தெரியல. அதனால தீனிய மாத்தாதீங்க, இடத்தக் காட்டுங்க.

இன்னொண்ணு. டர்காய்ஸுக்கு பயம் வந்தா 9 பட்டை கறுப்பா எழும்பும், ஸ்னேக்ஸ்கின்னுக்கு இன்னும் மெலிசா, 14 வரைக்கும். பிஜியன் பிளட்டுக்கு அந்தப் பட்டையே கிடையாது. அதனால பட்டை இல்ல, அப்ப சந்தோஷமா இருக்குன்னு நினைச்சிடாதீங்க. அதுக்கு மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி கூடும், துடுப்ப ஒடுக்கி வெச்சிக்கும். கறுப்பு மண்ணு, கறுப்பு பேக்ரவுண்டுனாலயும் அந்தப் புள்ளி கூடும், அதையும் சேத்துப் பாக்கணும்.

சிறுவாணி
மாமா சொன்னது நூத்துக்கு நூறு உண்மைங்க. நான் கோயமுத்தூர், என்கிட்டயும் செடித்தொட்டிதான், அதுல 5 டிஸ்கஸ் ஓடுது. நான் பண்றத அப்படியே சொல்றேன்ங்க, பெருசா செலவும் கிடையாது.

பூந்தொட்டிக்கு அடியில வெப்பாங்க பாருங்க மண் தட்டு, ஒரு சாண் அகலம், பெயின்ட் கியின்ட் எதும் அடிக்காதது, அத வாங்கி நல்லா கழுவி ரெண்டு நாள் தண்ணில ஊறப்போட்டு எடுத்துக்கோங்க. தொட்டில முன்பக்கம் ஒரு மூலைல கார்ப்பெட்ட ஒரு சாணுக்கு வெட்டி எடுத்துட்டு அங்க தட்ட வைங்க. அப்புறம் மெடிக்கல்ல 20 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி, ஊசி வேண்டாம், முனைல ஏர் டியூப் ஒரு துண்ட சொருகி, டியூப் வளையாம இருக்க ஒரு பழைய குச்சிய சேத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கோங்க. ஃப்ரோசன் பிளட்வார்ம் அரை க்யூப் போதும் ஆரம்பத்துல. ஒரு டம்ளர்ல தொட்டித் தண்ணி எடுத்து அதுல கரைய விட்டு, அந்தச் செவப்புத் தண்ணிய வலைல வடிச்சுக் கொட்டிடுங்க, அது உள்ள போனா தண்ணிதான் கெடும். புழுவ மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணில விட்டு சிரிஞ்ச்ல இழுத்துக்கோங்க.

இப்ப ஃபில்டர ஆஃப் பண்ணிட்டு, மறுபக்க மூலைல, அதாவது தட்டுக்கு எதிர்க்கோடில, நல்லா பொடிச்ச ஃப்ளேக் ஒரு சிட்டிகை மேல தூவுங்க. கார்டினல் கூட்டம் மொத்தமும் அங்க போயிரும். கோரிக்கு அதே பக்கம் அடியில ஒரு சிங்கிங் வேஃபர். அதுங்க அங்க பிசியா இருக்கறப்ப இந்தப் பக்கம் டியூப்ப தட்டுக்கிட்ட எறக்கி மெதுவா, ரொம்ப மெதுவா ஒரு பத்துப் புழுவ விடுங்க. விட்டுட்டு கைய எடுத்துட்டுத் தள்ளிப் போய் உக்காந்து பாருங்க. மூஞ்சிய கண்ணாடில ஒட்டி வெச்சுப் பாக்கக் கூடாதுங்க!

முதல்ல ஒண்ணுதான் வரும். தட்டுக்கு நேரா வந்து தலைய சாய்ச்சு ஒரு கண்ணால பாக்கும், அப்புறம் வாயக் குவிச்சு தண்ணிய ஃபூன்னு ஊதும், புழு எழும்பும், அத உறிஞ்சும். டிஸ்கஸ் கீழ ஊதி ஊதி தேடித் திங்கற மீனு, பறந்து புடிக்கற மீனு இல்ல, அதனாலதான் மேல தூவினா அதுக்கு எதுமே கிடைக்கறதில்ல. ஒண்ணு ஊதறதப் பாத்தா அடுத்தது வரும். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு தட்டுல மிச்சம் இருந்தா அதே சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்துருங்க. மண்ணுக்குள்ள ஒரு புழு கூட போகாது. தட்டோட அருமையே அதுதான்ங்க.

தெனமும் அதே நேரம், அதே மூலை. நாலஞ்சு நாள்ல நீங்க சிரிஞ்ச எடுக்கறப்பவே தட்டுக்கு மேல வந்து நிக்கும் பாருங்க.

அம்பத்தூர்_அக்வா
ஆஹா இது சூப்பர் ஐடியா அண்ணா. தட்டு நாளைக்கே வாங்கிடறேன். சூடு, பிஎச் பத்தி யாராவது சொல்லுங்களேன், 27 போதாதா? ஏத்தினா செடி போயிடுமோன்னு பயம்.

லேப்காரன்
27 டிஸ்கஸுக்கு கம்மி. 3 இஞ்ச் குட்டிக்கு 29 வேணும், சூடு கம்மியா இருந்தா ஜீரணம் மெதுவாகும், பசியே எடுக்காது. ஒரே நாள்ல ஏத்தாதீங்க, தினம் அரை டிகிரியா ஏத்துங்க. செடில அமேசான் ஸ்வோர்ட், அனுபியாஸ், கிரிப்டோ மூணும் 29 தாங்கும், ஜாவா ஃபெர்ன், வலிஸ்நேரியா கூட ஓகே. மான்டி கார்லோ மட்டும் மெல்ல மெல்ல இளைக்கும், அத இப்பவே மனசுல விட்டுடுங்க. கார்டினலும் ஸ்டெர்பாயும் சூடு தாங்கற மீன், அந்த விஷயத்துல உங்க செலக்‌ஷன் நல்ல செலக்‌ஷன். நியான் டெட்ராவா இருந்திருந்தா மாத்தச் சொல்லியிருப்பேன்.

ஆனா சூடு ஏத்தினா ஆக்சிஜன் குறையும். 25 டிகிரில தண்ணி ஒரு லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் வரைக்கும் ஆக்சிஜன் புடிக்கும், 30ல 7.5தான். அதே நேரம் மீனுக்கு தேவை கூடுது. இதுல சிஓடூவும் அடிச்சு விட்டா மீன் மேல வந்து மூச்சு வாங்கும், அப்ப எப்படி சாப்பிடும்? சிஓடூவ பாதியா குறைங்க, ஃபில்டர் வாய கொஞ்சம் மேல தூக்கி தண்ணி மேல்மட்டம் அசையற மாதிரி வைங்க. முதல் தீனிய காலைல, சிஓடூ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி குடுங்க. ஸ்வோர்ட், அனுபியாஸ், கிரிப்டோவுக்கெல்லாம் சிஓடூ இல்லாமலே ஓடும்.

பிஎச் 7.6 பண்ணை மீனுக்கு தப்பு ஒண்ணும் இல்ல, அத 6க்கு இறக்கணும்னு கெமிக்கல் எதுவும் ஊத்தாதீங்க. ஒண்ணு மட்டும் கவனம், பிஎச் ஒரு புள்ளி ஏறினா மீனக் கொல்ற வகை அமோனியாவோட பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகும், சூடு ஏறினா இன்னும் கொஞ்சம் கூடும். அதனால 7.6ல, 29 டிகிரில மிச்சத் தீனி அழுகறது 6.5ல அழுகற மாதிரி இல்ல. செடிக்கிறுக்கி அக்கா மேல சொன்னதுக்கு கணக்கு இதுதான்.

கொளத்தூர்வாசி
லைட்டையும் சொல்லிடறேன். பத்து மணி நேரம் ஃபுல் லைட்டு இந்த மீனுக்கு வேண்டவே வேண்டாம். டிம்மர் இருந்தா பாதிக்கு கொண்டு வாங்க, ஏழு மணி நேரம் போதும். ஆகாயத்தாமரை ஒரு கைப்பிடி மிதக்க விட்டா நிழலாவும் இருக்கும், நைட்ரேட்டையும் இழுக்கும். இல்லன்னா மணி பிளான்ட் வேர தொட்டிக்குள்ள தொங்க விடுங்க.

ஏஞ்சல் ரெண்டையும் வேற இடத்துக்கு மாத்தறதுதான் நல்லது. அது டிஸ்கஸுக்கு சொந்தக்கார மீனுதான், ஆனா பந்தில உக்காந்தா எல எடுக்கற வரைக்கும் எந்திரிக்காத ரகம். தீனிய மட்டும் இல்ல, டிஸ்கஸுக்கு ஆகாத ஒட்டுண்ணிய அது தூக்கிட்டு அலையும், அதுக்கு ஒண்ணும் ஆகாது.

அப்புறம் லைவ் டியூபிஃபெக்ஸ். கடையில தட்டுல செவப்பா துடிக்கறதப் பாத்தா ஆசையாத்தான் இருக்கும், ஆனா அது சாக்கடை சேத்துல இருந்து அள்ளிட்டு வர்றது. நாள் கணக்கா ஓடற தண்ணில வெச்சு கழுவி, செத்தத எடுத்துட்டு, அதுக்கப்புறம் போடறவங்க இருக்காங்க. அந்தப் பொறுமை இல்லன்னா தொடாதீங்க.

டிஸ்கஸ்_தாதா
கொசுப்புழு? அது ஃப்ரீ. மொட்டை மாடில ஒரு பக்கெட் தண்ணி வெச்சா போதும் 😁

கொளத்தூர்வாசி
மாநகராட்சிக்காரங்க வந்து பக்கெட்ட பாத்தா ஃபைன் போட்டுட்டுப் போவாங்க தாதா. டெங்கு சீசன்ல இந்த யோசனைய எல்லாம் குடுக்காதீங்க.

செடிக்கிறுக்கி
கேக்கணும்னு நெனச்சேன், உங்க ஷ்ரிம்ப் எப்படி இருக்கு? எண்ணிக்க கொறஞ்ச மாதிரி தெரியுதா?

அம்பத்தூர்_அக்வா
அக்கா நீங்க கேட்டப்புறம்தான் பாத்தேன். முன்னாடி கட்டை மேல எப்பவும் மேஞ்சுட்டு இருக்கும், இப்ப பெருசுங்க நாலஞ்சுதான் தெரியுது, குட்டி ஒண்ணு கூட இல்ல!!

செடிக்கிறுக்கி
அப்ப உங்க மீன்ல சிலது பட்டினியே இல்ல 😄 லைட் அணையற நேரத்துல செடிக்குள்ள புகுந்து ஷ்ரிம்ப் வேட்டை நடக்குது. எந்த மீன் நெஜமா பட்டினி, எது நடிக்குதுன்னு கண்டுபிடிக்கணும்னா முன்னாடி இருந்து நேருக்கு நேர் பாருங்க. பக்கவாட்டுல எல்லா டிஸ்கஸும் தட்டு மாதிரி ஒண்ணாத்தான் தெரியும், நேரா பாத்தாத்தான் கனம் தெரியும். கண்ணுக்கு மேல நெத்தி ரொம்பி இருந்தா கவல இல்ல. நெத்தி ஒட்டிப் போயி கத்தி மாதிரி இருந்தா அதுதான் சாப்பிடாத மீன். கழிவையும் பாருங்க, கறுப்பாவோ பழுப்பாவோ கட்டியா வந்தா உள்ள ஏதோ போயிருக்கு.

அம்பத்தூர்_அக்வா
அப்டேட்! மண் தட்டு வெச்சாச்சு, சூடு இப்ப 29, லைட்ட பாதியாக்கிட்டேன், சிஓடூவும் கம்மி. ஏஞ்சல ஃப்ரெண்டு வீட்டுக்கு அனுப்பிட்டேன், வீட்ல மனைவிக்கு அதுல வருத்தம், டிஸ்கஸ் நல்லபடியா பொழைக்கலன்னா என்ன நடக்கும்னு தெரியல.

சிறுவாணி அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. மொத நாள் ஸ்னேக்ஸ்கின் மட்டும் வந்து ரெண்டு மூணு புழு உறிஞ்சிட்டு ஓடிடுச்சு. அப்புறம் ரெண்டு டர்காய்ஸும் வந்துச்சு, அதுல பெருசு ஒண்ணு தட்டு தன்னோடதுன்னு நினைச்சு மத்தத முட்டித் தள்ளுது. இப்ப பிஜியன் பிளட் ரெண்டும் சேந்து அஞ்சு மீன் தட்டுல சாப்பிடுது. ஊதறத பாக்கவே அவ்ளோ அழகு, அம்மாவே சேர் போட்டு உக்காந்து பாக்கறாங்க.

ஆனா அந்த நூல் கழிவு விட்ட பிஜியன் பிளட் மட்டும் வரவே இல்ல. உடம்பு பூரா புள்ளி கூடிடுச்சு, நெத்தி ஒட்டிதான் இருக்கு, ஓரமா தலைய கீழ சாய்ச்சு நிக்குது. கழிவு இன்னும் வெள்ளைதான், ஜெல்லி மாதிரி.

சிறுவாணி
அஞ்சு வந்துருச்சுல்ல, அருமைங்க. தட்டப் புடிச்சுக்கற ரௌடிக்கு வைத்தியம் ரெண்டாவது தட்டு. ரெண்டடி தள்ளி இன்னொண்ணு வைங்க, ஒரே நேரத்துல ரெண்டுலயும் விடுங்க, அதால ரெண்டையும் காவல் காக்க முடியாது.

லேப்காரன்
அந்த ஒரு மீனப் பத்தி. வெள்ளைக் கழிவு மட்டும் இருந்தா உடனே நோய்னு முடிவு பண்ணக் கூடாது, குடல் காலியா இருந்தாலும் உள்ள இருக்கற சளி வெள்ளையா வரும். ஆனா மத்தது எல்லாம் சாப்பிடும்போது இது மட்டும் சாப்பிடல, நெத்தி ஒட்டிடுச்சு, நிறம் கறுத்துடுச்சு, ஒதுங்கி நிக்குது, எல்லாம் சேந்து வந்தா குடல்ல ஸ்பைரோநியூக்ளியஸ் மாதிரி ஒட்டுண்ணி பெருகியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆளுங்க ஹெக்ஸாமிட்டான்னு சொல்லுவாங்க. அழுத்தம் வந்தா இது தலைதூக்கும்.

செடித்தொட்டில மருந்து போடாதீங்க, உப்பும் போடாதீங்க. தனியா எடுங்க. 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும், ஒரு ஹீட்டர், ஒரு ஏர் ஸ்டோன், ஏற்கனவே தொட்டில ஓடிப் பழகின ஸ்பாஞ்ச் ஃபில்டர், சுத்தி துணி போட்டு மூடுங்க. தண்ணி பெரிய தொட்டில இருந்தே எடுங்க. மருந்து மெட்ரோநிடசோல். பொதுவா சொல்ற அளவு 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம், தினம் பாதி தண்ணி மாத்திட்டு திரும்ப அதே அளவு, ஒரு வாரம் பத்து நாள். சூட்ட மெல்ல 32க்கு கொண்டு போங்க, ஏர் ஸ்டோன நல்லா ஓட விடுங்க. மெடிக்கல்ல சீட்டு இல்லாம கேட்டா குடுக்கக் கூடாத மருந்து அது, தெரிஞ்ச கால்நடை டாக்டர் யாராவது இருந்தா மீன காட்டி வாங்கறது நல்லது. மீன் வாய் வெச்சு சாப்பிட ஆரம்பிச்சிட்டா மருந்த தீனில கலந்து குடுக்கறதுதான் தண்ணில போடறத விட பலன்.

பினாங்கு_மாமா
டப்புல தனியா வைக்கறப்ப இன்னொரு நன்மையும் இருக்கு தம்பி. வெறும் தரை, அதுக்குப் பழகின இடம். நிறைய மீனு அங்க போனதும் மறுநாளே சாப்பிடும். அஞ்சு பெரிய புழுவ மட்டும் போட்டுட்டு துணிய மூடிட்டுப் போயிடுங்க, ஒரு மணி நேரம் கழிச்சு எண்ணிப் பாருங்க. பூண்டு சாறுல ஊற வெச்சுப் போடலாம்னு சொல்லுவாங்க, அது பசிய தூண்டும்னு பலபேர் நம்பறாங்க, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல.

மீன்குட்டி_மதுரை
இடையில வர்றதுக்கு சாரி. பிளட்வார்ம் தொட்டா எனக்கு கை அரிக்குது, கண்ணு எரியுது. இது எனக்கு மட்டும்தானா?

லேப்காரன்
உங்களுக்கு மட்டும் இல்ல. அந்தப் புழுவோட ரத்தப் புரதம் சிலருக்கு அலர்ஜி பண்ணும், தொடத் தொடக் கூடிக்கிட்டே போகும். கிளவுஸ் போடுங்க, காஞ்ச பிளட்வார்ம் பக்கம் போகவே போகாதீங்க, அந்தத் தூள் மூக்குல போனா இன்னும் மோசம்.

அம்பத்தூர்_அக்வா
தாமதமா வர்றேன். டப்புல விட்ட மீன் பொழைச்சுக்கிச்சு. மருந்து ஆரம்பிச்சு பாதில போடற புழுவ முடிக்க ஆரம்பிச்சிடுச்சு, இப்ப கழிவு செங்கல் நிறத்துல கட்டியா வருது. இன்னும் ஒல்லிதான். எப்ப பெரிய தொட்டிக்கு மாத்தலாம்? அப்புறம் மத்த அஞ்சையும் பெல்லட்டுக்கு எப்படிப் பழக்கறது? காலம் பூரா சிரிஞ்ச் புடிச்சிட்டு நிக்க முடியாதே.

கொளத்தூர்வாசி
அவசரப்படாதீங்க தம்பி, நெத்தி ரொம்பட்டும். மருந்து முடிஞ்சப்புறமும் ஒரு வாரம் பத்து நாள் டப்புலயே நல்லா சாப்பிட வெச்சு, மத்ததோட சைஸுக்கு ஈடா ஆனப்புறம் விடுங்க. விடறப்ப லைட்ட அணைச்சிட்டு, செடி கட்டைய கொஞ்சம் இடம் மாத்தி வெச்சிட்டு விட்டா அந்த ரௌடி டர்காய்ஸுக்கும் எல்லை குழம்பும், புதுசு மேல பாயாது.

பெல்லட்டுக்கு குறுக்கு வழி இல்ல, ஆனா கஷ்டமும் இல்ல. டெட்ரா பிட்ஸ் மாதிரி மெதுவா எறங்கற மெத்துனு இருக்கற சின்ன பெல்லட் எடுத்துக்கோங்க. புழு கரைக்கற டம்ளர்லயே நாலஞ்சு பெல்லட்ட ஒரு நிமிஷம் ஊறப்போட்டு புழுவோட சேத்து அதே சிரிஞ்ச்ல தட்டுல விடுங்க. ஊதி உறிஞ்சற வேகத்துல அதுவும் உள்ள போகும். முதல்ல துப்பும், துப்பட்டும். மறுபடி எடுக்கும். வாரா வாரம் புழுவக் கொறைச்சு பெல்லட்டக் கூட்டுங்க. காலைல பசில இருக்கறப்ப பெல்லட், ராத்திரி புழு, இந்த வரிசைய மாத்தாதீங்க. புழு மட்டுமே போட்டா அது முழு சாப்பாடு ஆகாது, வளர்ச்சி நின்னுடும். இந்த சைஸுக்கு ஒரு நாளைக்கு நாலு வேள கொஞ்சம் கொஞ்சமா, பெருசானப்புறம் ரெண்டு மூணு வேள. தண்ணி வாரம் ரெண்டு தடவ 40 சதவீதம், செடி இருக்குன்னு இதுல சலுகை எடுத்துக்காதீங்க.

செடிக்கிறுக்கி
ஃப்ரீசர் பிரச்சனைக்கு ஒண்ணு, பெல்லட் பழகிட்டா வீட்லயே ஆர்டீமியா (உப்புத்தண்ணில வளர்ற பொடி இறால்) முட்டை பொரிக்க வெச்சு அப்பப்ப குடுக்கலாம், ஃப்ரீசரே தேவையில்ல. டிஸ்கஸ் எடுக்கலன்னாலும் கார்டினல் கொண்டாடும். மான்டி கார்லோவ வெட்டின இடத்துல கிரிப்டோ பார்வா வைங்க, அதுக்கு இந்த சூடு ஒண்ணும் பண்ணாது. மீதி ஷ்ரிம்பையாவது காப்பாத்தி வேற தொட்டிக்கு மாத்துங்க பாவம்.

அம்பத்தூர்_அக்வா
ஷ்ரிம்ப் மாத்தியாச்சு அக்கா, ஏழுதான் மிச்சம். பொங்கலுக்கு ஊருக்குப் போகணும், நாலு நாள் வீடு பூட்டி இருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி தீனி போடறேங்கறான். ஆட்டோ ஃபீடர் வாங்கலாமா?

கொளத்தூர்வாசி
ரெண்டும் வேணாம். பக்கத்து வீட்டுக்காரங்க பாசமா அள்ளிப் போடுவாங்க, நீங்க வர்றதுக்குள்ள தண்ணி பால் மாதிரி நிக்கும். பெரிய தொட்டில நல்லா சாப்பிட்டுட்டு இருக்கற 3 இஞ்ச் மீன் நாலு நாள் பட்டினிய தாங்கும். கிளம்பற முந்தின நாள் 40 சதவீதம் தண்ணி மாத்துங்க, லைட்ட டைமர்ல அஞ்சு மணி நேரமாக்குங்க, சிஓடூ சிலிண்டர மூடிடுங்க. தம்பிகிட்ட தீனி டப்பாவக் குடுக்காதீங்க, கரென்ட் போயிட்டு வந்தா ஃபில்டர் திரும்ப ஓடுதான்னு பாத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க, அது போதும். டப்புல இருக்கற மீன மட்டும் கூடவே தூக்கிட்டுப் போக முடியாது, அதுக்கு யாராவது தெரிஞ்சவங்க வேணும்.

சிறுவாணி
டப்பு மீனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவோ அத தனித்தனி பொட்டலமா கட்டி அது மேல தேதி எழுதிக் குடுங்க, மத்த பாக்கெட்ட கண்ணுல காட்டாதீங்க. பாதி தண்ணி மாத்தறதுக்கு குளோரின் போன தண்ணிய முன்னாடியே பக்கெட்ல புடிச்சு வெச்சுட்டுப் போங்க.

அம்பத்தூர்_அக்வா
ஏஞ்சல் இருக்கற ஃப்ரெண்டு வீட்லயே டப்பையும் விட்டுட்டுப் போறேன்னு பேசிட்டேன், அவனுக்கு தண்ணி மாத்தற பழக்கம் இருக்கு. ஒரே ஒரு டவுட், ஏஞ்சல் தொட்டித் தண்ணி, வலை எதுவும் இதுல படக்கூடாதுல்ல?

லேப்காரன்
படக்கூடாது. வலை, பக்கெட், சைஃபன் பைப் எல்லாம் உங்க வீட்ல இருந்தே தனியா எடுத்துட்டுப் போங்க. கைய கழுவிட்டுத்தான் டப்புல விடணும்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.

அம்பத்தூர்_அக்வா
ஓகே அண்ணா, டன். ஊர்ல இருந்து வந்து போட்டோ போடறேன்.